கடிக்கிறதா, உங்கள் ‘லவ் பேர்ட்’?

“அம்மா! பஞ்சு கடிச்சுடுச்சு!”

அடுப்பில் ரசம் நுரை கட்டிக்கொண்டிருந்த நேரம். அலறலைக் கேட்டதும் கையிலிருந்த கரண்டியைக்கூடக் கீழே வைக்காமல் கூடத்துக்கு ஓடினேன். பத்து வயது மகள் ஆள்காட்டி விரலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விரல் நுனியில் கடுகளவு ரத்தம். கூண்டின் கோடியில், இறகெல்லாம் உடம்போடு ஒட்டிப் போய், கழுத்தை நீட்டிக்கொண்டு, அவளைவிட அதிகமாக மிரண்டு போயிருந்தது பஞ்சு. வெளிர்நீல நிறம். வாலையும் சேர்த்து அளந்தால்கூட ஒரு சாண் இருக்காது. வீட்டுக்கு வந்து ஆறு நாள்தான் ஆகியிருந்தது.

“இதெல்லாம் நமக்கு எதுக்கு? கடைக்காரன்கிட்டயே திருப்பிக் கொடுத்துடலாம்” என்றார் என் கணவர், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

“அதுக்கு என்னைப் பிடிக்கவே இல்லை” என்று விசும்பினாள் மகள்.

என் மாமியார்தான் நிதானமாகச் சொன்னார்: “கையில்லாத ஜீவன்டி அது. எதையும் தொட்டுப் பார்க்கணும்னா வாயாலதானே பார்க்கணும்?”

அந்த ஒரு வாக்கியத்தில் பாதி விஷயம் அடங்கிவிட்டது. மீதிப் பாதியை, பறவைகளுக்கு வைத்தியம் பார்க்கும் ஒரு கால்நடை மருத்துவரிடமும், மொட்டை மாடியில் பல வருடங்களாக இந்தப் பறவைகளை வளர்த்து வரும் ஒரு தோழியிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கொஞ்சம் என் சொந்தத் தவறிலிருந்தும் கற்றுக்கொண்டேன். அந்தத் தவறை முதலில் சொல்லிவிடுகிறேன்.

திறந்து விட்ட ஜன்னல்

பஞ்சுவுக்கு முன்னால் எங்கள் வீட்டில் இன்னொன்று இருந்தது. பச்சை நிறம். மகனின் பிறந்த நாளுக்கு வாங்கியது. அதுவும் கடித்தது. முதலில் மகன் கையை விடப் பயந்தான்; பிறகு யாருமே விடவில்லை. தினை போடுவதும் தண்ணீர் மாற்றுவதும் தவிர, அந்தக் கூண்டுப் பக்கம் போவாரில்லை. “கடிக்கிற சனியன்” என்றே அதற்குப் பெயராகிவிட்டது. நாலைந்து மாதம் போன பிறகு, ஒரு நாள் காலையில் கூண்டையும் திறந்து, ஜன்னலையும் திறந்து விட்டேன். ‘பாவம், சுதந்திரமாகப் பறக்கட்டும்’ என்று நினைத்தேன். புண்ணியம் செய்வதாகவே நினைத்தேன்.

அது எதிர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் மேல் போய் உட்கார்ந்தது. எங்கே போவதென்று தெரியாமல் அங்கேயே இருந்தது. அரை மணி நேரத்தில் காக்கைகள் கூடிவிட்டன. நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டேன்.

சகோதரிகளே, இதை எழுதும்போது எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன். ஏனென்றால், கடிக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக மூலையில் தள்ளப்படும், அல்லது வானத்தில் ‘விடுதலை’ செய்யப்படும் பறவைகள் ஏராளம். தலைமுறை தலைமுறையாகக் கூண்டிலேயே பிறந்து வளர்ந்த இந்த இனத்துக்கு நம் ஊர்க் காக்கையும் தெரியாது, பருந்தும் தெரியாது. இரை தேடவும் தெரியாது. அதை வெளியே விடுவது விடுதலை அல்ல.

யார் இந்தப் பறவை?

நம் ஊர்க் கடைகளில் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று விற்கிறார்களே, அதன் உண்மைப் பெயர் பட்ஜரிகர். சுருக்கமாக பட்ஜி. நிஜமான லவ் பேர்ட் என்பது ஆப்பிரிக்காவைச் சேர்ந்த, குட்டை வால் கொண்ட வேறொரு கிளி. பட்ஜியின் தாய்நாடு ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாடு. தண்ணீரும் புல் விதையும் தேடிப் பெருங்கூட்டமாகப் பறந்து திரியும் பறவை இது. 1840-ல் ஜான் கூல்ட் என்ற ஆங்கிலேயப் பறவை ஆராய்ச்சியாளர் இவற்றை உயிருடன் இங்கிலாந்துக்குக் கொண்டு போனார். அதன் பிறகு உலகமெங்கும் வீட்டுப் பறவையாகப் பரவிவிட்டது. (நம் நாட்டுப் பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பட்ஜிக்கு அந்தத் தடை இல்லை.)

வளர்ந்த பட்ஜியின் எடை 30 முதல் 40 கிராம். ஒரு சின்ன எலுமிச்சம்பழத்தின் கனம்! காட்டில் அதற்கு எதிரி என்றால் மேலேயிருந்து பாய்ந்து வரும் வல்லூறுதான். இப்போது நம் கையை அது எப்படிப் பார்க்கும் என்று யோசித்துப் பாருங்கள். கூண்டின் மேல் கதவைத் திறந்துகொண்டு, ஐந்து விரல்களை விரித்துக்கொண்டு, தலைக்கு மேலாக ஒன்று இறங்குகிறது. ஓட இடமில்லை. அது வேறு என்ன செய்யும்?

இளம் பறவை ஏன் அதிகம் கடிக்கிறது?

உங்கள் பறவை குஞ்சுதானா என்று கண்டுபிடிப்பது சுலபம். பெரும்பாலான நிறங்களில், தலையின் பின்பக்கத்திலிருக்கும் கறுப்புக் கோடுகள் இளம் பறவைக்கு நெற்றி வழியாக அலகின் மேற்பகுதி வரை வந்திருக்கும். கண்கள் மணி மாதிரி முழுக் கறுப்பாக இருக்கும். மூன்று நான்கு மாதத்தில் முதல் இறகு உதிரும்போது நெற்றிக் கோடுகள் மறைந்துவிடும். பிறகு கண்மணியைச் சுற்றி வெளிர் வளையம் தோன்றும்.

முட்டையிலிருந்து வந்து ஐந்து வாரத்தில் குஞ்சு கூட்டை விட்டு வெளியே வருகிறது. அப்போது அது நம் வீட்டுத் தவழும் குழந்தை மாதிரிதான். குழந்தை கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் போட்டுப் பார்ப்பதில்லையா? அதே போல இதுவும் அலகாலும் நாக்காலும் உலகத்தைப் படிக்கிறது. உங்கள் நகப்பூச்சு, வளையல், கைமேல் இருக்கும் மச்சம், காதுத் தோடு, எல்லாமே அதற்குப் பாடப் புத்தகம். எவ்வளவு அழுத்தினால் நமக்கு வலிக்கும் என்பது அதற்கு இன்னும் தெரியாது. அதை நாம்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

எல்லாக் கடியும் ஒன்றல்ல

மாடியில் பறவை வளர்க்கும் தோழி என்னிடம் சொன்னாள்: “கடிச்சுதுன்னு மட்டும் சொல்லாதே. எப்போ கடிச்சுது, அதுக்கு முன்னாடி என்ன நடந்துதுன்னு சொல்லு.” அன்றிலிருந்து நான் கவனிக்க ஆரம்பித்தேன். கடிகளை இப்படிப் பிரிக்கலாம்.

தொட்டுப் பார்க்கும் கடி: மெல்லக் கவ்வும், நாக்கால் தடவும், விடும். கோபம் கிடையாது. உடம்பு தளர்ந்து இருக்கும்.

கைப்பிடிக் கடி: விரலை நீட்டியதும் முதலில் அலகால் பிடித்துப் பார்க்கும். கிளி இனத்துக்கு அலகு மூன்றாவது கால். மாடிப்படி ஏறும்போது கைப்பிடிச் சுவரைப் பிடிக்கிறோமே, அது மாதிரி. விரல் ஆடாமல் தாங்குமா என்று சோதிக்கிறது, அவ்வளவுதான். அந்த நேரம் பார்த்து நாம் ‘ஐயோ’ என்று விரலை இழுத்தால் அது தடுமாறிவிடும். அடுத்த முறை இன்னும் அழுத்திப் பிடிக்கும்.

பயக்கடி: இறகுகள் உடம்போடு ஒட்டி, உடம்பு மெலிந்து நீண்ட மாதிரி தெரியும். பின்னால் சாயும். கூண்டின் கோடிக்கு ஓடும். அலகைத் திறந்து காட்டும். இத்தனை சொல்லியும் கை நெருங்கினால்தான் கடிக்கும். இதுதான் பஞ்சுவின் கடி.

‘போதும்’ என்ற கடி: விளையாடிக் களைத்த பிறகு, தூக்க நேரத்தில், இறகு உதிரும் காலத்தில். புது இறகுகள் முளைக்கும்போது உடம்பெல்லாம் முள் முளைத்தாற்போல இருக்கும். யார் தொட்டாலும் எரிச்சல் வரத்தானே செய்யும்?

காவல் கடி: பறவை வாங்கும்போது கடைக்காரர் ஒரு சின்ன மண்பானையையும் சேர்த்துக் கட்டிக் கொடுப்பது வழக்கம். அது முட்டையிடுவதற்கான இடம், தூங்குவதற்கல்ல. வளர்ந்த பெட்டைக்கு அந்தப் பானை தன் வீடு. கையை உள்ளே விட்டால் ரத்தம் வரக் கடிக்கும். குஞ்சு பொரிக்க வைக்கும் எண்ணம் இல்லையென்றால் பானையை எடுத்துவிடுங்கள். பாதிச் சண்டை அன்றே தீரும். ஆனால் உள்ளே முட்டையோ குஞ்சோ இருந்தால் எடுக்கக் கூடாது.

வலிக் கடி: நன்றாகப் பழகிய பறவை திடீரென்று கடித்தால் அது சேட்டையல்ல. இதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

ஒன்றைக் கவனித்தீர்களா? கடி என்பது பறவையின் முதல் வார்த்தை அல்ல, கடைசி வார்த்தை. சாய்ந்து சொன்னது, ஒதுங்கிச் சொன்னது, வாயைத் திறந்து காட்டிச் சொன்னது. நாம் கேட்கவில்லை. அதனால் கடித்தது. முன்னால் சொன்னவற்றை நாம் கேட்க ஆரம்பித்தால், கடைசி வார்த்தைக்கு அவசியமே வராது.

செய்யக் கூடாதவை

அலகில் சுண்டாதீர்கள். “ஒரு சுண்டு சுண்டினா அடங்கும்” என்று பலர் சொல்வார்கள். அடங்காது. கை என்றாலே அடி என்று மனசில் பதியும். பிறகு கையைக் கண்டவுடனே கடிக்கும்.

கத்தாதீர்கள். நம் கூச்சல் சில பறவைகளுக்குப் பயம், சிலவற்றுக்கு வேடிக்கை. ‘கடித்தால் இந்த அம்மா நன்றாகச் சத்தம் போடுகிறாள்’ என்று திரும்பவும் கடிக்கும்!

கையை உதறாதீர்கள். 35 கிராம் உடம்பு தரையில் மோதினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

முகத்தில் ஊதுவது, தண்டனையாகக் கூண்டை மூடி வைப்பது, துணியைப் போட்டு அமுக்கிப் பிடித்துக் ‘கொஞ்சுவது’, இவையும் வேண்டாம். மருத்துவர் சொன்ன இன்னொன்று: “பழக்கறதுக்காகச் சிறகை வெட்டச் சொல்லி வருவாங்கம்மா. பறந்து தப்பிக்க முடியாத பறவைக்குக் கடிக்கிறது ஒண்ணுதான் மிச்சம்.”

செய்ய வேண்டியவை

முதல் வாரம் கையை உள்ளே விடவே வேண்டாம், தினையும் தண்ணீரும் மாற்றுவதைத் தவிர. கூண்டை நம் கண் உயரத்தில், ஒரு பக்கம் சுவர் இருக்கிறாற்போல வையுங்கள். சுவர்ப் பக்கமிருந்து எதிரி வர மாட்டான் என்ற தைரியம் அதற்கு வரும். சமையலறையில் மட்டும் வைக்கக் கூடாது. ஒட்டாத பூச்சுள்ள தோசைக்கல் அதிகமாகச் சூடேறினால் வரும் ஆவி பறவையை நிமிடங்களில் கொன்றுவிடும். கூண்டுப் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆயுங்கள், பேசுங்கள், பாடுங்கள். உங்கள் குரல் அதற்குப் பழகட்டும்.

இரண்டாம் வாரம் கையில் ஒரு தினைக்கதிரோடு போங்கள். கதிர் கிடைக்காவிட்டால் ஒரு கொத்துமல்லிக் கொத்து போதும். பக்கவாட்டுக் கதவு வழியாக, தாழ்வாக, மெதுவாக நீட்டிவிட்டு அசையாமல் இருங்கள். பின்னால் சாய்ந்தால் உங்கள் கையும் பின்வாங்கட்டும். ‘நான் சொன்னது இவளுக்குப் புரிகிறது’ என்ற நம்பிக்கைதான் இதில் முதல் பாடம். எங்கள் பஞ்சு மூன்று நாள் கதிரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாலாம் நாள் ஒரே ஒரு விதையைக் கொத்திக்கொண்டு ஓடியது. மகள் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

கையிலிருந்து தயங்காமல் தின்ன ஆரம்பித்த பிறகு, விரலைக் குச்சி மாதிரி நேராக நீட்டி, காலுக்கு சற்று மேலே அடிவயிற்றில் லேசாகத் தொடுங்கள். “ஏறு” என்று தினமும் ஒரே வார்த்தையைச் சொல்லுங்கள். அலகால் விரலைப் பிடித்தால் பிடிக்கட்டும். கை ஆடக் கூடாது. ஏறியவுடன் தினை. ஒரு தடவைக்கு ஐந்து, பத்து நிமிஷம், நாளைக்கு இரண்டு மூன்று தடவை. அதற்கு மேல் வேண்டாம்.

அழுத்திக் கடித்தால்? கையை இழுக்காமல், முகத்தைச் சுளிக்காமல், நிதானமாக அதைக் குச்சியில் இறக்கி விடுங்கள். சில விநாடி முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். பிறகு மறுபடி பழையபடி. மெல்லக் கவ்வினால் விளையாட்டு தொடரும், அழுத்தினால் விளையாட்டு நிற்கும். இந்தக் கணக்கு அதற்குச் சீக்கிரமே புரிந்துவிடும். ஆனால் வீட்டிலுள்ள எல்லோரும் ஒரே மாதிரி நடக்க வேண்டும். ஒருவர் சிரித்து, ஒருவர் அதட்டினால் குழந்தைகூடக் குழம்பும்.

கடிக்கும் ஆசை அலகோடு பிறந்தது. அதை நிறுத்த முடியாது, திசை திருப்பலாம். வேப்பங்குச்சி, கொய்யாக் கிளை, தென்னை ஓலை ஈர்க்கு, முருங்கைக் கீரைக் கொத்து, அச்சடிக்காத வெறும் காகிதம், இவற்றைக் கூண்டில் கட்டித் தொங்கவிடுங்கள். மருந்து அடிக்காததாகப் பார்த்து, கழுவிப் போடுங்கள். நாட்டு மருந்துக் கடையில் ‘கடல் நுரை’ என்று கிடைக்கும் கணவாய் ஓடு, அலகு தேய்க்கவும் சுண்ணாம்புச் சத்துக்கும் நல்லது.

இன்னொரு முக்கிய விஷயம் தூக்கம். பட்ஜிக்கு 10 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். நம் கூடத்தில் டி.வி. இரவு பத்தரை வரை ஓடுகிறது, விளக்கும் எரிகிறது. காலையில் சிடுசிடுவென்று கடிக்கிறதே என்று அப்புறம் அதைக் குறை சொல்கிறோம்! எங்கள் வீட்டில் இப்போது ஏழரை மணிக்குக் கூண்டு உள் அறைக்குப் போய்விடும்.

குழந்தைகளுக்கும் சில விதிகள்

பெரியவர் துணையில்லாமல் சின்னக் குழந்தைகள் பறவையைக் கையில் எடுக்கக் கூடாது. உதட்டருகில் கொண்டுபோய் முத்தம் கொடுப்பது வேண்டவே வேண்டாம். கூண்டைத் தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். கடித்து ரத்தம் வந்தால் சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவி, ஒரு கிருமிநாசினி தடவினால் போதும். வீங்கினாலோ சிவந்து வலித்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள். கிளி இனத்திலிருந்து மனிதருக்குத் தொற்றும் ஒரு காய்ச்சல் உண்டு. காய்ந்த எச்சத்தின் தூசி வழியாக வரும். ஆகவே கூண்டைச் சுத்தம் செய்யும்போது எச்சத்தை ஈரமாக்கித் துடையுங்கள். வீட்டில் யாருக்காவது விடாத காய்ச்சலும் வறட்டு இருமலும் வந்தால், பறவை வளர்ப்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

கூண்டைத் திறந்து விடும் முன்னால் மின்விசிறியை நிறுத்தினீர்களா, ஜன்னலைச் சாத்தினீர்களா என்று இரண்டு முறை பாருங்கள்.

எப்போது மருத்துவரிடம் போவது?

பறவை தன் நோயை மறைக்கும். காட்டில் சோர்வைக் காட்டினால் முதல் இரை அதுதான் என்பதால் வந்த குணம் இது. ஆகவே, சிநேகமாக இருந்தது திடீரென்று கடித்தால், கூடவே இறகைப் பந்து மாதிரி உப்பிக்கொண்டு ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தால், மூச்சு விடும்போது வால் மேலும் கீழும் ஆடினால், தீனி குறைந்தால், எச்சம் தண்ணீராகவோ நிறம் மாறியோ போனால், நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். இத்தனை சின்ன உடம்பில் ஒரு நாள் என்பது நீண்ட காலம்.

ஒன்றா, இரண்டா?

“ஒண்ணா வளர்க்கட்டுமா, ஜோடியா வளர்க்கட்டுமா?” என்று பலர் கேட்பதுண்டு. இது கூட்டமாக வாழும் பறவை. தனியாக வளர்த்தால் அதற்குக் கூட்டமே நீங்கள்தான். தினமும் நேரம் ஒதுக்க முடிய வேண்டும். நாள் பூராவும் வீடு பூட்டிக் கிடக்குமென்றால் இரண்டாக வளர்ப்பதே தர்மம். அவை ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருக்கும், நம்மோடு பழகக் கொஞ்சம் கூடுதல் நாளாகும். அதனால் என்ன? நம் கையில் வந்து உட்காருவதற்காக மட்டுமா அது பிறந்தது?

பஞ்சு இப்போது

ஏழு வாரம் ஆயிற்று, பஞ்சு தானாக மகளின் விரலில் ஏற. இன்றும் கடிக்காமல் இல்லை. நகத்தை நறுக் நறுக்கென்று மெல்லக் கவ்விப் பார்க்கும். இறகு உதிர்ந்த சமயத்தில் இரண்டு முறை அழுத்தமாகவே கடித்தது. மகள் கத்தவில்லை. மெதுவாகக் குச்சியில் இறக்கிவிட்டு, “சரி, தூங்கு. சாயங்காலம் வரேன்” என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடம் கிளம்பினாள்.

என் கணவர்? காலையில் பேப்பர் படிக்கும்போது அவர் தோளில்தான் உட்கார்ந்திருக்கிறது. பேப்பர் ஓரமெல்லாம் பல் பல்லாகக் கிழிந்திருக்கிறது. “மை நல்லதில்லையாம், அச்சடிக்காத காகிதமா கொடுங்க” என்றால், “நான் எங்கே கொடுத்தேன்? அதுவே எடுத்துக்குது” என்கிறார்.

கூடத்து ஜன்னல்களுக்கெல்லாம் போன மாதம் கம்பி வலை அடித்தாயிற்று. எதிர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி இப்போதும் அந்த ஜன்னலிலிருந்து தெரிகிறது. பஞ்சு அங்கே உட்கார்ந்து வெயில் காயும்போது, நான் பக்கத்திலேயே இருந்துகொள்கிறேன்.